கையில் கொடுக்காத கத்தி

சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் எதையெதையோ பார்ப்பார்கள். அலகு ஆடுகிறதா, கூர் நிற்குமா, துருப்பிடிக்குமா, விலை கட்டுப்படியாகுமா. நான் என் முதல் கத்தியை வாங்கப் போனபோது பார்த்தது ஒன்றே ஒன்றுதான். இதைக் கண்டால் இராணுவக்காரருக்குச் சிரிப்பு வருமா, வராதா? தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையின் பதுளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் குடியிருந்த இருபத்தைந்து வயதுத் தமிழ் ஆணுக்கு அதைவிடப் பெரிய தகுதி எந்தக் கத்தியிடமும் தேவைப்படவில்லை.

அப்படிப்பட்ட காலத்தில் உனக்குக் கத்தி எதற்கடா என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். தோட்டத்தில் கத்தி என்று மொட்டையாகச் சொன்னால் அது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி, முழங்கை நீளத்துக்கு வளைந்து நிற்பது. அதனால் நான் கத்தி வாங்கப் போகிறேன் என்றதும் அம்மா கொழுந்துக் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "ஒன்ன வாத்தியாராக்குனது கவ்வாத்து வெட்டவா?" என்றாள். சின்னக் கத்தி அம்மா, பென்சில் சீவ, என்றேன். பென்சில் சீவ பாதி பிளேடு போதாதா என்றாள். போதாது என்றேன். ஏன் போதாது என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை, ஏனென்றால் காரணம் பென்சில் இல்லை, ஒரு டீச்சர்.

அப்போது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் புதிதாக நியமனம் பெற்றிருந்தேன். சனிக்கிழமைகளில் பண்டாரவளையில் எங்களைப் போன்ற புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். எனக்கு முன் வாங்குப் பலகையில் அப்புத்தளையிலிருந்து வரும் ஒரு டீச்சர் உட்காருவார். நான்கு மாதம் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவருடைய பின்னலில் எத்தனை மடிப்பு என்பதைத்தான். பரீட்சையில் அதைக் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சரின் பென்சில் முனை உடைந்தது. அவர் திரும்பி நேராக என் முகத்தைப் பார்த்து, "சேர், பென்சில் சீவ ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அதுதான் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. நான் எல்லாப் பைகளுக்குள்ளும் கையை விட்டேன். பஸ் டிக்கெட் வந்தது, சீப்பு வந்தது, காகிதத்தில் சுற்றிய பாதி இருமல் மிட்டாய் வந்தது. மிட்டாயை நீட்டலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் என் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்து, "இந்தாங்கோ டீச்சர், வில்லுக்கத்தி. கவனம், நல்ல கூர்," என்று கொடுத்துவிட்டார். நாங்கள் பேனாக்கத்தி என்பதை அவர்கள் வில்லுக்கத்தி என்பார்கள். பெயரிலேயே என்னைத் தோற்கடித்துவிட்டது அந்தக் கத்தி.

ஆனாலும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. மாஸ்டர் அந்தக் கத்தியை டீச்சரின் கையிலேயே கொடுத்தார். எங்கள் லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கத்தி, உப்பு, மிளகாய், எலுமிச்சை எதையும் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். சமையல்கட்டில் நான் மறந்துபோய்க் கத்தியை நீட்டினால் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள், நெருப்பில் குழம்பு கருகினாலும் வாங்க மாட்டாள். ஆகவே மாஸ்டருக்கும் டீச்சருக்கும் எப்படியும் ஒரு நல்ல சண்டை வந்துவிடும் என்று நான் மூன்று சனிக்கிழமை ஆவலோடு காத்திருந்தேன். வரவில்லை. நாலாவது சனிக்கிழமை மாஸ்டர் அதே கத்தியால் கொய்யாப்பழம் வெட்டி வகுப்புக்கே பங்கு வைத்தார். டீச்சருக்குப் பெரிய துண்டு போனது. எனக்கு வயிறு எரிந்தது, அதனால் என் துண்டையும் நான் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் டீச்சரைப் பற்றி உளறிவிட்டேன், கத்திக் கதையை மட்டும் விட்டுவிட்டு. அம்மா மாமாவிடம் சொன்னாள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு மாமா வைத்ததுதான் சட்டம். மாமா நாலு இடத்தில் விசாரித்துவிட்டு, பெண்ணின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையை மேற்பார்க்கிற டீமேக்கர், குவாட்டர்ஸில் இருக்கிற ஸ்டாஃப் குடும்பம், லயத்துக்குப் பெண் கொடுப்பார்களா என்று தெரியாது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் எனக்கு வேண்டும். அதற்கு முன் எதையும் நான் அப்படி வேண்டியதில்லை, ஆசிரியர் நியமனத்தைக்கூட.

டீச்சருக்கு விஷயம் தெரியுமா, தெரிந்தால் என்ன நினைக்கிறார், ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவர் மனதில் ஒரு வில்லுக்கத்தி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். பெண் பார்க்கும் இடத்தில் பேச்சுவாக்கில் என் பையிலிருந்து சொந்தக் கத்தி ஒன்றை எடுத்து, சும்மா, அலட்சியமாக, ஒரு தோடம்பழத்தை உரிக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். இருபத்தைந்து வயதில் மூளை அப்படித்தான் வேலை செய்தது. இப்போதும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அதற்கு முதல்நாள் சனிக்கிழமை வகுப்பு இல்லை. பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நாநாவின் கடைக்குப் போனேன். பூட்டு, ஆணி, லாம்புச் சிமினி, எலிப்பொறி எல்லாம் விற்கிற கடை. பேனாக்கத்தி இருக்கா நாநா என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, எதற்கு என்று கேட்டார். பென்சில் சீவ என்றேன். "பென்சில் சீவவா, பொண்ணு பாக்கவா?" என்று கேட்டார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. பிறகுதான் தெரிந்தது, கல்யாண வயதுப் பையன்கள் எல்லாரிடமும் அவர் எது வாங்கினாலும் அதையே கேட்பாராம். எலிப்பொறிக்கும் அதே கேள்விதான்.

நாநா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நாலு கத்தியை மேசையில் பரப்பினார். முதலாவது சிவப்புப் பிடி. பதினொரு வேலை செய்யும் என்றார். எந்தப் பதினொரு வேலை என்று கேட்டேன். இரண்டு பேரும் எண்ணிப் பார்த்தோம். கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டி, ரம்பம், போத்தல் திறப்பான், திருகாணி முனை, தக்கை இழுப்பது. ஏழில் நின்றுவிட்டது. எட்டாவதாகக் கொக்கி மாதிரி ஒன்று இருந்தது. அது எதற்கு என்று நாநாவுக்கும் தெரியவில்லை, பெட்டிக்குள் இருந்த தாளிலும் எழுதியில்லை. அந்த மாதிரிக் கத்தியை எனக்குக் கண்ணிலே காட்டக்கூடாது. எல்லா வேலையும் செய்வேன் என்று வருகிறவன் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ய மாட்டான், பாடசாலையிலும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கறுப்பு. பொத்தானை அமுக்கினால் அலகு டக்கென்று வெளியே பாயும். நாநா ஒரு தடவை அமுக்கிக் காட்டிவிட்டு, வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, தானே பெட்டிக்குள் வைத்துவிட்டார். "இது வேணாம் மகன். இதோட போனா கத்தி மட்டும்தான் திரும்பி வரும்," என்றார்.

மூன்றாவது மரப்பிடி, பித்தளைக் கட்டு. அதைப் பற்றி இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறேன். திறந்தால் ஆடாது, மூடினால் கடிக்காது. நாநா தன் முன்கையில் இழுத்துக் காட்டினார், மயிர் மழமழவென்று வழித்துக்கொண்டு வந்தது. விலையும் என் கைக்கு எட்டுகிற விலைதான். வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். அதில் இருந்த ஒரே குறை, பார்த்தால் கத்தி மாதிரி இருந்தது.

நாலாவது ஒரு மீன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ரோஸ் நிறத் தகர மீன். செதில் எல்லாம் அச்சடித்து, கண்ணுக்கு ஒரு பச்சைப் பொட்டு வைத்திருந்தார்கள். வயிற்றைக் கீறினால் அதற்குள்ளிருந்து சின்ன விரல் நீளத்தில் ஒரு அலகு, ஆடிக்கொண்டே வெளியே வரும். நாலிலும் மலிவு அதுதான். மலிவாக இருந்தும் யாரும் வாங்கவில்லை என்பது அதன் மேல் படிந்திருந்த தூசியில் தெரிந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நாநா, நீங்க கொஞ்சம் ஆமிக்காரராக நில்லுங்கள், நான் பஸ்ஸில் இருந்து இறங்கி வருகிறேன் என்றேன். வேறு யாராக இருந்தாலும் வெளியே போ என்றிருப்பார். அன்று கடையில் ஆள் இல்லை, மழையும் பெய்துகொண்டிருந்தது. நாநா கயிறு அளக்கிற கோலைத் துவக்காகத் தோளில் சாத்திக்கொண்டு, தொப்பியைச் சற்று முன்னால் இழுத்துவிட்டு, "மொகத மே?" என்று உறுமினார். சிங்களத்தில், இது என்ன என்ற கேள்வி. நான் சிவப்புக் கத்தியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். எட்டாவது எதற்கு என்று கேட்டார். விழித்தேன். உள்ளே போடு என்றார். மரப்பிடிக் கத்தியைக் காட்டினேன். யோசிக்கவே இல்லை, உள்ளே போடு என்றார். மீனைக் காட்டினேன். நாநா உறுமத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

அப்படித்தான் மீன் என்னுடையதானது. நாநா கத்தியோடு ஒரு சிங்கள வாக்கியத்தையும் இனாமாகக் கொடுத்தார். "பென்சில் கபன பிஹியக், சார்." பென்சில் வெட்டுகிற கத்தி. அதைப் பத்துத் தடவை சொல்ல வைத்தார். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தோம், ஒன்றைத் தவிர. கடையில் நான் கத்தியைக் காட்டினேனே ஒழிய, அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. எடுப்பதும் வைப்பதும் மேசையில்தான் நடந்தது.

ஞாயிறு காலை எட்டு மணி பஸ்ஸில் மாமா, அம்மா, நான். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, பன்னிரண்டுக்கு முன் பெண் வீட்டில் கால் வைத்துவிட வேண்டும், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாவின் மடியில் வெற்றிலை, வாழைப்பழம், தோடம்பழம் வைத்த தட்டு. என் சட்டைப்பையில் மீன். இறங்குகிற வரை அதை வெளியே எடுக்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். அது எப்படி வெளியே வரப்போகிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பண்டாரவளைக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கினோம், ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எனக்கு முன்னால் ஒருவர், எனக்குப் பின்னால் பைக்குள் சேவலோடு ஒருவர். என் முறை வந்தது. என்னைவிட இளைய ஒரு சிப்பாய் என் பையைத் தட்டிப் பார்த்து, நாநா கேட்டதைப் போலவே, "மொகத மே?" என்றான். வாக்கியம் பிசகாமல் வந்தது. மீனை எடுத்துக் காட்டினேன். அவன் உதடு கொஞ்சம் விரிந்தது. சிரிக்கப் போகிறான். நாநா வாழ்க என்று மனதுக்குள் சொன்னேன்.

அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். கொடு என்றான்.

நான் குனிந்து மீனை அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளட்டும் என்று மரியாதையாக இரண்டடி பின்னால் போனேன்.

இருபத்தைந்து வருடப் பழக்கம். என் புத்தியிடம் கேட்காமலே கை அதைச் செய்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பையன் சாவடியில் எதையோ தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தால் அதற்கு வேறு அர்த்தம். சிப்பாய் ஒரே தாவில் மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தான். நாலு துவக்கு என்னைப் பார்த்தது. வரிசை கலைந்தது. சேவல்காரர் சேவலை விட்டுவிட்டு ஓடினார், சேவல் என்னை நோக்கி ஓடிவந்தது. நான் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றேன். பெண்கள் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. தட்டு அவள் கையை விட்டு விழவில்லை, அது எப்படி என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

ரோஸ் நிற மீன் வெடிக்காது என்று அவர்கள் நம்பிய பிறகு, கொட்டகைக்குள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மூத்தவர் எழுந்து வந்தார். கையில் கேட்டால் ஏன் தரையில் வைத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சண்டைக்குச் சிங்களத்தில் ரண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். சந்தையில் நான் தினமும் கேட்கிற சொல். ஆனால் அந்த நிமிடத்தில் என் மூளை என்ன சொன்னது தெரியுமா? ரண்டு என்று சொல்லாதே, அவர் ரெண்டு என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு கத்தி எங்கே என்று தேடுவார் என்றது. அவருக்குத் தமிழே தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. சண்டைக்கு வேறு சொல் தேடினேன். வானொலிச் செய்தியில் தினமும் வருகிற ஒரு சொல் ஓடிவந்து நாக்கில் உட்கார்ந்தது.

"அத்தட்ட துன்னொத் யுத்தயக் எனவா, சார்," என்றேன்.

கையில் கொடுத்தால் யுத்தம் வரும்.

சிப்பாய்கள் மூத்தவரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார், யுத்தம் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டதே தம்பி, அப்போது யார் யாருடைய கையில் கத்தியைக் கொடுத்தது என்று. எனக்குத் தெரியாது சார் என்றேன். எனக்கும் தெரியவில்லை என்றார். பிறகு அவர் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். துவக்குகள் இறங்கின. என் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன, மீனின் அலகைப் போல.

சிரித்தார்களே தவிர விடவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு வாத்தியார் இருக்கிறாரா என்று கம்பியில்லாக் கருவியில் எங்கேயோ கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. எங்கள் மூன்று பேரையும் விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. பென்சில் சீவுகிற கத்தி என்றாயே, சீவிக் காட்டு என்றார் மூத்தவர். பதிவுப் புத்தகத்தோடு கட்டியிருந்த பென்சிலைக் கொடுத்தார்கள். மூன்று தடவை முனையை உடைத்தேன். நாலாவது தடவை ஊசி மாதிரி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய்கள் ஆளுக்கொரு பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளை வேட்டியும் சட்டையுமாக மணல் மூட்டை மேல் உட்கார்ந்து சாவடியின் பென்சில் அத்தனையும் சீவினேன். தச்சுப் பென்சில்கூட ஒன்று இருந்தது. முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, நான் சீவிய பென்சிலாலேயே என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். மீன் அங்கேயே இருக்கட்டும், பென்சிலுக்கு வேண்டும் என்றார் மூத்தவர். தினப்படி பாவனைக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய கத்தி எனக்கு ஒரு நாள் உழைத்தது.

வெளியே வந்தபோது பதினொன்றரை. அடுத்த பஸ்ஸில் அப்புத்தளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமாவின் எமகண்டம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றரை மணி வரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பனிமூட்டத்துக்குள் நிற்க வைத்தார். அந்த நேரம் முழுக்க அம்மா என்னைத் திட்டினாள். பிறந்ததிலிருந்து நான் செய்த தப்பு ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்தாள். பனிக்குள் அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சாவடியில் என்ன நடந்தது என்று பெண் வீட்டில் மூச்சு விடக்கூடாது, பஸ் பஞ்சர், அவ்வளவுதான் என்று மாமா உத்தரவு போட்டார்.

டீமேக்கர் உயரமான மனிதர், அதட்டாமல் பேசுகிறவர். எங்களை உட்காரவைத்தார். மாமா பஞ்சர் கதையைத் தொடங்கி, ஜாக்கி இல்லாததையும் கொண்டக்டர் கையில் அடிபட்டதையும் சேர்த்து நன்றாக வளர்த்தார். டீமேக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த டயர் என்றார். முன் டயர் என்றார் மாமா. அதே நேரத்தில் நான் பின் டயர் என்றேன்.

டீமேக்கர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, மீன் யாவாரம் எத்தன வருஷமா செய்றீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்களை விட்டுவிட்டுப் போன பஸ்ஸில் செய்தியும் போயிருக்கிறது. பழத்தட்டோடு வந்த மாப்பிள்ளை ஒருவன் மீன் கத்தியோடு பிடிபட்டான் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் கடைவீதியில் சொல்ல, மீன் உருவத்தில் இருந்த கத்தி மலை ஏறி வருவதற்குள் மீன் வெட்டுகிற கத்தியாகிவிட்டது. வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு ஒரு மீன்காரர் பெண் பார்க்க வருகிறார் என்று அவர்கள் காலையிலிருந்து குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. மாமாவின் முறைப்பைப் பார்க்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மீன், தரை, சேவல், யுத்தம், பென்சில். டீமேக்கர் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். உள்ளே சமையல்கட்டிலும் சிரித்தார்கள். மாமாவே சிரித்தார். பரவாயில்லை, மானம் போனாலும் பெண் கிடைக்கும் போலிருக்கிறதே என்று நானும் அசடு வழிந்தேன்.

டீமேக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், பேரைப் பதிந்துகொண்டார்களா என்று. ஆமாம் என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஒரே பொண்ணு தம்பி," என்றார். சாவடிப் புத்தகத்தில் பெயர் ஏறிய பையனை எங்கேயோ ஏதோ நடந்தால் முதலில் வந்து தேடுவார்கள், அழைத்துக்கொண்டு போவார்கள், சிலர் திரும்பி வரத் தாமதமாகும், சிலர் வரவே மாட்டார்கள். அவர் இடத்தில் இருந்தால் நானும் கொடுக்க மாட்டேன். பெண்ணிடம் கேட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார், மிக மரியாதையாக. அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். ரோஸ் நிறத் தகரத்துண்டு ஒன்றால் என் வாழ்க்கையை நானே வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்பா, நான் சேர்கிட்ட ஒன்னு கேக்கணும்," என்று டீச்சரின் குரல் கேட்டது. கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. கேள்வி எனக்குத் தெரியும். கத்தி எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்பார். அதற்கு மூன்று வாக்கியத்தில் ஒரு பதிலை வைத்திருந்தேன், பனிக்குள் நின்றபோது தயார் செய்தது.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அன்று என்னிடம் எல்லாரும் கேள்வி கேட்டிருந்தார்கள். இது என்ன என்று சிப்பாய் கேட்டான். யார் கையில் யார் கொடுத்தது என்று மூத்தவர் கேட்டார். உனக்கு மூளை இருக்கிறதா என்று மாமா கேட்டார். இதற்கா உன்னைப் பெற்றேன் என்று அம்மா கேட்டாள். எந்த டயர் என்று கேட்டார்கள், எத்தனை வருடம் மீன் விற்றாய் என்று கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பெண் பார்க்க வந்த இடத்தில் ஆம்பிளை வேறு என்ன சொல்வான்.

"ஆமாங்க டீச்சர்," என்றேன். "ரொம்பப் பயமா இருந்துச்சு. இன்னும் கால் நடுங்குது."

சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அதைப் பார்த்து அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பனிக்குள் ஒரு மணி நேரம் அவள் திட்டியதெல்லாம் என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு அவருடைய அப்பாவைப் பார்த்தார்.

"பயப்படத் தெரிஞ்சவங்க வீட்டுக்குத் திரும்பி வந்துருவாங்கப்பா. எனக்குச் சம்மதம்."

டீமேக்கர் என் அம்மாவின் பக்கம் திரும்பி, ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா, உங்களுக்கு வசதிப்படுமா என்று கேட்டார்.